சனிக்கிழமைப் படகு

1

சனிக்கிழமை காலை 8.52. முதலில் கண்ணில் பட்டது மஞ்சள் விளக்கு.

பொழுதுபோக்குப் பூங்காவின் நுழைவாயிலில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கம்பம் இருக்கிறது. அதன் தலையில் ஆண்டு அட்டையை வைத்தால் பச்சை எரியும், உள்ளே போகலாம். டேனிக்கு எட்டு ஆண்டுகளாகப் பச்சைதான் எரிந்தது. அன்று மஞ்சள். அவன் அட்டையை எடுத்து, சட்டையில் துடைத்து, மறுபடி வைத்தான். மறுபடியும் மஞ்சள். பின்னால் நின்றவர்கள் பக்கத்துக் கம்பத்துக்கு மாறிப் போகத் தொடங்கினார்கள்.

டேனி என் மகன். பதினேழு வயது, என்னைவிட உயரம். ஆட்டிசம் உள்ளவன். அவன் பேசுவதில் பெரும்பகுதி யாரோ சொன்னதைத் திருப்பிச் சொல்வது. பள்ளி வண்டியில் அவனைக் கையைப் பிடித்து ஏற்ற வேண்டும். தேவாலயத்துக்கு வர மாட்டான். யார் வீட்டுக்கும் வர மாட்டான். தானாகக் காலணியை எடுத்து மாட்டிக்கொண்டு வாசற்கதவருகே வந்து நிற்பது வாரத்தில் ஒரே ஒரு வேளைதான்: சனிக்கிழமை காலை. பூங்காவில் ஒரு படகுச் சவாரி உண்டு. இருட்டுக் குகைக்குள் மெதுவாகப் போய் மறுபக்கம் வெளிச்சத்தில் வெளியே வரும். அதில் ஒரு முறை போய்விட்டு வீடு திரும்புவோம். வேறெதிலும் அவன் ஏறுவதில்லை.

வாயிற்பணியில் இருந்த பெண் கையிலிருந்த கருவியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உங்கள் அட்டை செல்லும். அதோடு இருந்த வசதிதான் காலாவதியாகிவிட்டது."

ஊரில் இருப்பவர்களுக்கு அந்த வசதியை விளக்க வேண்டும். நீண்ட வரிசையில் நிற்க இயலாதவர்களுக்காக அது வைக்கப்பட்டது. சவாரி வாசலில் பெயரைச் சொன்னால் ஒரு நேரம் தருவார்கள். அதுவரை எங்காவது நிழலில் உட்கார்ந்திருந்து, நேரம் வந்ததும் பக்கவாட்டுக் கதவு வழியாக நேரே படகுக்குப் போகலாம். காத்திருப்பு எல்லோருக்கும் ஒன்றுதான், நிற்கும் இடம்தான் வேறு. முன்பெல்லாம் வாயிலில் உள்ள கவுன்டரில் சொன்னாலே பதிந்து கொடுப்பார்கள். இப்போது ஆண்டுதோறும் புதிதாக விண்ணப்பித்து, வீடியோ அழைப்பில் ஒருவரோடு பேசி, அவர் தகுதி உண்டு என்று சொல்ல வேண்டுமாம். எங்களுக்கு மின்னஞ்சல் வந்திருக்கிறது. நான் அதைக் கடைசிவரை படிக்கவில்லை.

உள்ளே போனோம். படகுச் சவாரியின் பலகையில் எழுபது நிமிடக் காத்திருப்பு என்று இருந்தது. டேனி பலகையைப் பார்க்கவில்லை. நேரே பக்கவாட்டுக் கதவுக்குப் போய் நின்றான். அங்கிருந்த இளைஞன் அவனுக்கு முகம் தெரிந்தவன். வணக்கம் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, முடியாது என்று தலையை ஆட்டினான்.

வீட்டுக்கு வந்தோம். அன்று இருட்டும்வரை டேனி காலணியைக் கழற்றவில்லை.

2

என் மனைவி எஸ்தர் வேலூரில் நர்சிங் படித்தவள். அவள் வேலையை நம்பித்தான் புளோரிடா வந்தோம். நான் வேலூரில் ஒரு நாளிதழில் நிருபராகவும் பிறகு உதவி ஆசிரியராகவும் இருந்தவன். இங்கே விமான நிலையத்தில் வாடகைக் கார் நிறுவனத்தின் கவுன்டரில் சாவி கொடுத்து வாங்குகிறேன். குறை சொல்லவில்லை. வேலை இன்னதென்று சொல்லாமல் மீதியை எழுத முடியாது.

பழைய தொழிலின் ஒரு பழக்கம் மட்டும் போகவில்லை: எது செய்தி, அது எத்தனையாவது பத்தியில் இருக்கிறது என்று பார்ப்பது. பூங்காவிலிருந்து வரும் மின்னஞ்சல்கள் எல்லாம் மகிழ்ச்சியில் தொடங்குகின்றன. "எங்கள் அட்டைதாரர் குடும்பத்துக்குப் புதிய ஆண்டின் புதிய அனுபவங்கள்." மூன்றாம் பத்தியில் ஏதாவது ஒன்று "மேம்படுத்தப்பட்டிருக்கும்". வண்டி நிறுத்தம் மேம்படுத்தப்பட்டபோது, உயர்வகை அட்டைக்கு மட்டும் என்றாகிவிட்டது. ஆண்டுக்கு ஒரு விருந்தினரை இலவசமாக அழைத்துவரலாம் என்ற சலுகை மேம்படுத்தப்பட்டு, கோடை தவிர்த்த வார நாட்களில் பாதிக் கட்டணம் ஆனது. யார் இதைச் செய்தது என்று எந்த வாக்கியத்திலும் இருக்காது. எல்லாம் தானாகச் செய்யப்பட்டிருக்கும்.

இவை போனதில் எனக்கு வருத்தமில்லை. ஒன்றைத் தவிர. அட்டைதாரர்களுக்கென்று நுழைவாயிலுக்கு அருகில் ஒரு சிறிய அறை இருந்தது. குளிர்ந்த நீர், நாலு சோபா, மங்கிய விளக்கு. டேனி அங்கே காதைப் பொத்திக்கொண்டு தன் நேரம் வரும்வரை உட்கார்ந்திருப்பான். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை போனபோது அது தொப்பிக் கடையாக இருந்தது. அன்று அவன் தொப்பிகளுக்கு நடுவே, சோபா இருந்த இடத்தில், தரையில் உட்கார்ந்தான். கடைக்காரப் பெண் நல்லவள், விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு கடை ஓர மரத்தடிக்கு அவனைப் பழக்க இரண்டு மாதம் ஆயிற்று.

எஸ்தரின் அண்ணன் சாலமன் ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையில் சூப்பர்வைசர். சனிக்கிழமை அங்கே மாலை ஷிப்ட் முடிந்து வெளியே வந்ததும் போன் செய்வார். எங்களுக்கு அது காலை, கிளம்பும் நேரம். டேனி போடும் காலணி அவர் தொழிற்சாலையில் தைத்ததுதான். ஏற்றுமதியில் ஒதுக்கிய ஜோடியாகப் பார்த்து, ஊரிலிருந்து வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார். வேறு காலணியை டேனி காலில் நுழைக்க மாட்டான்.

சவாரிக்கு ஆண்டு அட்டை என்பதே சாலமனுக்கு வேடிக்கை.

"ஒரே போட்டு. அதுல வாரா வாரம் போறதுக்கு ஒரு பாஸு. இன்னா மாப்ள, டேய்லி சமாசாரம் போட்டவன் நீ, உனக்கே நியாயமா படுதா? பாலாத்துல தண்ணி மட்டும் வரட்டும், என் மருமவன நான் ஓசில கூட்டினு போறேன்."

"பாலாத்துல என்னிக்கு மச்சான் தண்ணி வர்றது?"

"அத்த சொல்லு. அதான் ஓசின்னு தைரியமா சொல்றேன்."

3

ஆண்டு அட்டை முதன்முதலில் கைக்கு வந்தபோது எனக்கு அது புதிய பொருளாகத் தோன்றவில்லை. ஆம்பூரிலிருந்து காட்பாடிக்குப் பல வருடம் சீசன் டிக்கெட்டில் போய்வந்தவன் நான். காட்பாடியில் இறங்கி பஸ் பிடித்து, லாங் பஜார் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்த எங்கள் அலுவலகத்துக்குப் போவேன். சட்டைப் பையில் டிக்கெட் இருந்த அதே இடத்தில் அட்டையை வைத்தேன்.

சீசன் டிக்கெட்டில் இருக்கை எண் கிடையாது. ஆனால் ஜோலார்பேட்டையிலிருந்து வரும் அந்த வண்டியில் எல்லோருக்கும் இடம் உண்டு. வாணியம்பாடியில் ஏறுகிறவர் ஆம்பூர்க்காரனுக்கு இடம் போட்டு வருவார், ஆம்பூரில் ஏறுகிறவன் குடியாத்தத்துக்காரனுக்கு. எனக்கு இடம் போட்டது தோல் பதனிடும் ரசாயனங்கள் விற்கும் ஒரு வாணியம்பாடி வியாபாரி. வண்டியில் எல்லோருக்கும் அவர் பாய். மடித்த உருது பேப்பரை இருக்கையில் வைத்திருப்பார். அதன்மேல் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

டேனிக்கு நாலு வயதானபோது சனிக்கிழமைகளில் அவனைப் பயிற்சிக்காக வேலூர் மருத்துவமனைக்கு அழைத்துப்போகத் தொடங்கினேன். சனிக்கிழமை வெளியே கிளம்புவது அப்போது தொடங்கியதுதான். முதல் நாள் அவன் வண்டிக்குள் ஏறியதும் கத்தினான். பாய் எழுந்து ஜன்னலோரத்தைக் காலி செய்தார். அங்கே உட்கார்ந்ததும் கத்தல் நின்றது. அடுத்த வாரமும் ஜன்னலோரத்தில் பேப்பர் இருந்தது. ஒரு நாள், புதிதாக ஏறியவர் ஒருவர் கேட்டார்.

"டிக்கெட்டு எட்த்தவன் நின்னுனு வரணும், அர டிக்கெட்டுக்கு ஜன்னலா?"

"நீ இன்னிக்கி வர்ற தம்பி. அவன் வாரா வாரம் வர்றான். பேஜார் பண்ணாத, இப்டி வந்து குந்து" என்று பாய் தன் இருக்கையில் பாதியைக் காட்டினார்.

இதை எழுதும்போதே தெரிகிறது, ஊர் என்றால் இப்படி என்று யாராவது எடுத்துக்கொள்ளக் கூடும். அதனால் மீதியையும் எழுதுகிறேன். அதே பெட்டியில், அதே ஆட்கள், ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்டார்கள்: "பேசறானா?" இல்லை என்று சொன்னால் அடுத்து மூன்று வைத்தியம் வரும். நாக்கில் தேன் தடவு. ஒரு தர்கா கீது, மூணு வெள்ளிக்கிழமை கூட்டினு போ. இன்னொரு கொழந்த பெத்துக்கோ, இவன் தானா சரியாய்டுவான். எஸ்தரின் சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில், போட்டோ எடுக்கும்போது மட்டும் டேனியை உள்ளறையில் வைத்திருக்க முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார்கள். வைத்திருந்தோம். ஒரு பள்ளி அவனை ஒரு வாரத்தில் திருப்பி அனுப்பியது.

அப்போது நானும் எஸ்தரும் ஒரு பதிலைக் கற்றுக்கொண்டோம். தனித்தனியாகத்தான் கற்றுக்கொண்டோம், பேசி வைத்துக்கொள்ளவில்லை. யார் கேட்டாலும், "முன்னக்கி இப்ப பரவால்ல." அதைச் சொன்னால் கேட்டவர் சந்தோஷப்பட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். பெற்றவர்கள் பிள்ளையின் குறையை வெளியாளிடம் சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் யாரும் எழுதி வைக்காத சட்டம். அந்தச் சட்டத்துக்குள் நிற்க அந்த ஒரு வாக்கியம் போதும். பதின்மூன்று வருடமாகச் சொல்கிறோம்.

4

வீடியோ அழைப்பு எஸ்தரின் ஓய்வு நாளில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் நடந்தது. வசதி யாருக்கோ அவரும் திரையில் தெரிய வேண்டும் என்பது விதி. டேனி எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தான். எஸ்தர் அவனுக்குத் தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டை போட்டுவிட்டிருந்தாள். அதைப் பார்த்தபோதே நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.

எதிரில் ஓர் இளம்பெண். பின்னால் பூங்காவின் படம். நடந்தது ஆங்கிலத்தில். தமிழில் தருகிறேன்.

நான் மருத்துவர் கொடுத்த சான்றிதழைக் கையில் எடுத்தேன். அவள் சிரித்தபடி தடுத்தாள். "வேண்டாம். நாங்கள் எந்தச் சான்றும் கேட்பதில்லை. உங்கள் வார்த்தையே போதும்."

ஊரில் ரேஷன் கார்டு முதல் இறப்புச் சான்று வரை எங்கள் வார்த்தையை யாரும் எடுத்துக்கொண்டதில்லை, காகிதத்தைத்தான் கேட்டார்கள். முதல்முறையாக ஒருவர் வார்த்தை போதும் என்கிறார். எனக்கு மரியாதையாகக்கூட இருந்தது. சான்றிதழைக் கீழே வைத்தேன்.

"டேனியலுக்கு வரிசையில் நிற்பதில் என்ன சிரமம்?"

எஸ்தர் சொன்னாள், கூட்டமும் சத்தமும் அவனுக்கு ஆகாது என்று. பொதுவாகச் சொன்னாள்.

"நிற்க வைத்தால் என்ன நடக்கும்?"

எஸ்தர் டேனியைப் பார்த்தாள். அவன் திரையின் மூலையில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "கொஞ்சம் பதற்றமாவான்" என்றாள்.

"பள்ளியில், கடையில் எல்லாம் வரிசையில் நிற்கிறானா?"

எஸ்தரின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். போன மாதம் மளிகைக் கடையில் அவன் எங்களோடு வரிசையில் நின்றிருந்தான். முன்னால் இரண்டே பேர். அன்று வீட்டுக்கு வந்து அவள் அழுதாள், சந்தோஷத்தில். அதைத்தான் இப்போது சொன்னாள். "இப்போது ரொம்பப் பரவாயில்லை. எங்களோடு இருந்தால் நிற்கிறான்."

அந்தப் பெண் தட்டச்சு செய்யத் தொடங்கினாள். அதுவரை அவள் கை அசையவில்லை.

நிருபராக இருந்தபோது நானும் அப்படித்தான். எதிரில் இருப்பவர் ஒரு மணி நேரம் பேசுவார், நான் தலையாட்டிக்கொண்டிருப்பேன். செய்திக்கு வேண்டிய வாக்கியம் வரும்போதுதான் பேனா எழுதும். அந்த வாக்கியம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. எஸ்தருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தினம் நோயாளிகளிடம் இதே வகைக் கேள்விகளைக் கேட்கிறவள் அவள்.

"நான் ஒன்று சேர்க்கலாமா?" என்றேன்.

"தாராளமாக."

சேர்க்க வேண்டியது என்னவென்று எனக்குத் தெரியும். கையைக் கடித்துக்கொள்வதும், தலையைச் சுவரில் மோதுவதும், விமான நிலையத்தில் ஒரு முறை ஆடையிலேயே சிறுநீர் போனதும். டேனி எனக்கு ஓர் அடி தூரத்தில், தலை வாரிய நிலையில் உட்கார்ந்திருந்தான். ஆங்கிலம் அவனுக்குப் புரியும்.

"அவனுக்கு அந்தப் படகு மிகவும் பிடிக்கும்" என்றேன்.

அவள் சிறிது நேரம் திரைக்கு வெளியே பார்த்தாள். பிறகு, டேனியலுக்கு இந்த வசதி இப்போது பொருத்தமானதாகத் தெரியவில்லை என்றும், வேறு வழிகள் உண்டு என்றும் சொன்னாள். பெற்றோரில் ஒருவர் வரிசையில் நிற்கலாம், முன்னால் வந்ததும் மற்றவர்கள் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். இந்த முடிவு ஓராண்டுக்கு உரியது. டேனியலின் முன்னேற்றத்துக்கு அவள் வாழ்த்துச் சொன்னாள்.

5

டேனிக்கு ஐந்து வயதில் இங்கு வந்தபோது, குழப்பாமல் ஒரே மொழியில் பேசுங்கள் என்று பேச்சுப் பயிற்சியாளர் சொன்னார். அவனிடம் ஆங்கிலம் மட்டும் என்று முடிவு செய்தோம். அதனால் எங்கள் வீட்டில் தமிழ் என்பது அவனுக்குப் புரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டு பேசுகிற மொழி. சம்பளம், சண்டை, எங்களுக்குப் பிறகு அவனை யார் பார்ப்பார்கள் என்பது, எல்லாம் தமிழில்.

அன்று சமையலறையில் அதில்தான் பேசினோம். டேனி கூடத்தில் இருந்தான்.

"ஏன் அப்டி சொன்ன?" என்றேன்.

"இன்னா சொன்னேன்? நின்னான்னு சொன்னேன். நிக்கலயா அவன்?"

"ரெண்டு பேருக்குப் பின்னால நின்னான் எஸ்தர். அங்க எழுபது நிமிஷம்."

"தெரியும். எனக்கு சொல்லித் தர்றீங்களா? ஏங்க, கொழந்த பக்கத்துலயே குந்தினு கீறான். அவன் மூஞ்சி எதுர்லயே இன்னான்னு சொல்லச் சொல்றீங்க? கடிப்பான், மண்டைய இட்ச்சிக்குவான், பதினேழு வயசுல பேண்ட்டுலயே போய்டுவான்னா? அதக் கேட்டுட்டு அந்தப் பொண்ணு, சரி, அப்போ நீங்க போட்டுல போலான்னு சொல்லும். அதுக்கா?"

"அதுக்குத்தான் கூப்ட்டாங்க."

"அப்போ நீங்க சொல்றதுதானே. சேக்கலாமான்னு கேட்டீங்களே. இன்னா சேத்தீங்க? படகு புடிக்கும். பெர்சா சேத்துட்டாரு."

அவள் குழாயைத் திறந்து, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

சனிக்கிழமை காலை சாலமன் அழைத்தார்.

"இன்னா மாப்ள, கெளம்பியாச்சா போட்டுக்கு? டேனி எப்டி கீறான்?"

"இப்ப பரவால்ல மச்சான்" என்றேன்.

எஸ்தர் கூடத்தில் டேனியின் காலணி நாடாவைச் சரி செய்துகொண்டிருந்தாள். தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

6

அன்று அந்தப் பெண் சொன்ன வழியில் முயன்றோம். கம்பத்தில் பச்சை எரிந்தது. வசதி நீங்கிவிட்டதால் இனி மஞ்சளுக்குக் காரணமில்லை. டேனி பச்சையைப் பார்த்துச் சிரித்தான்.

நான் படகு வரிசையில் நின்றேன். எஸ்தரும் அவனும் தொப்பிக் கடை மரத்தடியில். பலகையில் இருந்த நேரத்தைவிட வரிசை வேகமாகவே நகர்ந்தது. படகுகள் கண்ணுக்குத் தெரிந்ததும் எஸ்தரை அழைத்தேன்.

நான் கணக்கில் எடுக்காதது ஒன்று. வரிசை வளைந்து வளைந்து செல்லும் இரும்புக் கம்பிகளுக்கு நடுவே, இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் போக முடியாத பாதை. நான் நிற்கும் இடத்துக்கு வர அவர்கள் எனக்குப் பின்னால் நிற்கும் அத்தனை பேரையும் ஒவ்வொருவராக உரசிக்கொண்டு வர வேண்டும். டேனியை யாரும் தொடக் கூடாது. எஸ்தர் முன்னால் "மன்னிக்கவும், மன்னிக்கவும்" என்று வழி கேட்டு வந்தாள். பெரும்பாலோர் ஒதுங்கினார்கள். பாதி தூரத்தில், தோளில் பிள்ளையை வைத்திருந்த ஒரு மனிதர், "நாங்களும்தான் நிற்கிறோம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எஸ்தர் நின்று விளக்கத் தொடங்கினாள். பின்னால் டேனி நின்றான். முன்னும் போக முடியவில்லை, பின்னும் போக முடியவில்லை. பிள்ளையின் கால் அவன் தோளில் பட்டது.

முதலில் கையைக் கடித்தான். பிறகு தலையைக் கம்பியில் மோதினான். கம்பி குழாய் என்பதால் வரிசை முழுக்கச் சத்தம் கேட்டது. நான் கம்பிகளுக்கு அடியில் குனிந்து குனிந்து அவனிடம் போய்ச் சேருவதற்குள் அவன் தரையில் இருந்தான். எஸ்தர் தன் உள்ளங்கையை அவன் நெற்றிக்கும் தரைக்கும் நடுவில் வைத்திருந்தாள். சுற்றியிருந்தவர்கள் போதுமான இடம் விட்டு நின்றார்கள். அந்த மனிதர் தன் பிள்ளையின் முகத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். நாலைந்து பேர் கைப்பேசியை உயர்த்தியிருந்தார்கள். பக்கவாட்டுக் கதவு இளைஞன் ஓடிவந்து, மேலதிகாரியைக் கேட்காமலே கதவைத் திறந்து, "வாருங்கள், இப்போதே ஏறலாம்" என்றான். டேனி ஏறவில்லை. காலி படகு ஒன்று எங்கள் எதிரில் வந்து, நின்று, போனது.

வீடியோ அழைப்பில் நாங்கள் சொல்லாமல் விட்டதை எல்லாம் வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள்.

வண்டிக்கு வந்து சேர நேரமாயிற்று. எஸ்தரின் உள்ளங்கையில் தோல் பெயர்ந்திருந்தது. டேனியின் பேண்ட் நனைந்திருந்தது. பின்னிருக்கையில் துண்டை விரித்து அவனை உட்கார வைத்தோம். அவன் நெற்றியை ஜன்னல் கண்ணாடியில் வைத்துக்கொண்டான். எஸ்தர் முன்னிருக்கையில் சத்தம் வராமல் அழுதாள். நான் சாவியைத் திருகினேன்.

"பரவால்ல" என்றான் டேனி.

தமிழில் அவன் சொல்லி நாங்கள் கேட்ட முதல் சொல். எங்கள் உச்சரிப்பு அப்படியே, ஆம்பூர் உச்சரிப்பு. கேட்டதைத் திருப்பிச் சொல்வது அவன் வழக்கம் என்று முதலிலேயே எழுதியிருக்கிறேன். எந்தச் சனிக்கிழமை போன் பேச்சிலிருந்து எடுத்தான், ஏன் அப்போது சொன்னான் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான்: இத்தனை வருடம் தமிழில் நாங்கள் பேசியதை அவன் கேட்டிருக்கிறான். செவ்வாய்க்கிழமை சமையலறையில் எஸ்தர் வரிசையாகச் சொன்னதையும்.

7

பூங்காவுக்கு எழுதினேன். நன்றி தெரிவித்துப் பதில் வந்தது. மூன்றாம் பத்தியில், முடிவுகள் ஓராண்டுக்கு மறுபரிசீலனை செய்யப்படுவதில்லை என்று இருந்தது.

சாலமன் போன வாரம் புது ஜோடி அனுப்பியிருக்கிறார். பழையது டேனிக்குச் சிறிதாகிவிட்டது என்று எஸ்தர் முன்பே சொல்லி வைத்திருந்தாள். அதே அச்சு, அதே தோல். வந்த பெட்டியைக் கதவருகே வைத்தோம்.

ஆறு சனிக்கிழமைகள் போய்விட்டன. காலையில் எஸ்தர் காலணி அலமாரிக்குப் பக்கத்தில் எதையாவது துடைத்துக்கொண்டு நிற்பாள். டேனியின் அறைக்கதவு சாத்தியிருக்கும். சாலமன் அழைத்தால் இப்போது எஸ்தர்தான் எடுக்கிறாள். "தூங்கறான் அண்ணா" என்கிறாள்.

பெட்டி பிரிக்கப்படவில்லை. ஆண்டு அட்டை வரும் மார்ச் வரை செல்லும்.